முறைக்காய்ச்சல் பிடித்த என்ஜின்



போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் டைனமோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கார் என்ஜினில் வரும் தீப்பொறியைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதில் ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. பழைய வண்டி, திடீர் திடீரென்று மிஸ்ஸிங் அடிக்கிறது, மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் சமர்த்தாக ஓடுகிறது. இது என்ன மாயம்?

அந்தக் காலத்து வைத்தியர்கள் முறைக்காய்ச்சல் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வைத்தியர் வந்து பார்க்கும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருக்கும். அதனால் விவரமான வைத்தியர் நெற்றியைத் தொடுவதற்கு முன்பே "எப்போ வருது?" என்று கேட்பார். என்ஜின் மிஸ்ஸிங்கும் அதே ஜாதி நோய்தான். சுமார் 140 ஆண்டுகளாக மனிதர்கள் இந்த நோயைத் துரத்திய கதையை இன்று சொல்கிறேன். பதிவு நீளம். காபியோடு உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1500 பொறி. நான்குக்கும் சேர்த்து 6000. அதாவது நொடிக்கு 100. இதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 3,60,000 பொறிகள். இதில் ஒன்றிரண்டு தவறினால் நமக்குத் தெரியவே தெரியாது. அடிக்கடி தவறும்போதுதான் வண்டி உதறுகிறது. அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்.

சிலிண்டருக்குள் எரிவதற்கு மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவை நன்றாக அழுத்தப்பட வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். மூன்றில் எது கெட்டாலும் மிஸ்ஸிங்தான். ஆனால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்து அழுத்தம் குறைந்தால் அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வேஷம் போடுவது குறைவு. பெட்ரோல் அடைப்பு என்றால் பெரும்பாலும் இழுவை மெல்ல மெல்லக் குறையும். சட்டென்று வெட்டி, சட்டென்று திரும்பி வந்தால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான்.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றார். அதில் பேட்டரியும் காயிலும் கொண்டு மின்பொறி உண்டாக்கினார். அதே காலத்தில் டைம்லர் வேறு வழி பிடித்தார். சிலிண்டரில் ஒரு சிறு உலோகக் குழாயைப் பொருத்தி, வெளியிலிருந்து தீச்சுடரால் அதைச் சிவக்கக் காய்ச்சினார். கலவை அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். சுடர் அணைந்தால் என்ஜின் நிற்கும், காரணமும் கண்ணெதிரே தெரியும். பென்ஸின் மின்பொறியில் அந்த வசதி இல்லை. மின்சாரம் எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதே!

1888 ஆகஸ்டில் கார்லின் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். 100 கிலோமீட்டருக்கும் மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று இதைச் சொல்வார்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பொறிக்குப் போகும் ஒயரின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது, காலுறையைக் கட்டும் பட்டியைக் கழற்றிச் சுற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முதல் நெடும்பயணத்திலேயே முதல் ஒயர் கோளாறு. நம் பழைய வண்டிகளில் இன்றும் பாதி வழக்குகள் இந்த வகைதான்.

பிளஸ் டூவில் நான் நடத்திய மின்காந்தத் தூண்டல் பாடம் நினைவிருக்கிறதா? ஃபாரடே 1831-இல் கண்டது. ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், பக்கத்திலுள்ள சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இரண்டாவது சுருளில் சுற்று எவ்வளவு அதிகமோ, அழுத்தமும் அவ்வளவு அதிகம். 1850-களின் தொடக்கத்தில் பாரிஸில் ரூம்கார்ஃப் இந்தத் தத்துவத்தில் நல்ல காயில்கள் செய்தார். 1853-இல் ஃபீஸோ, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இடத்தில் ஒரு கண்டென்சரைப் போட்டால் அங்கே வீண்பொறி குறைந்து காயிலின் வலிமை கூடும் என்று காட்டினார். "சார், இதெல்லாம் எங்கே பயன்படப் போகுது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் ஆண்டுதோறும் வரும். உங்கள் அப்பா ஓட்டிய அம்பாசிடரின் பானெட்டுக்குள் காயில், பாயின்ட், கண்டென்சர் என்று இந்த மூன்றும் அப்படியே இருந்தன.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு காயில், மரப்பெட்டிக்குள். ஒவ்வொரு காயிலின் தலையிலும் துடிக்கும் ஒரு சிறு தகடு. மிஸ்ஸிங் வந்தால் அந்தத் தகடுகளை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்தினால் அந்தச் சிலிண்டரின் பொறி நின்றுவிடும். நன்றாக எரியும் சிலிண்டர் என்றால் என்ஜின் சத்தம் சட்டென்று மாறும். சத்தம் மாறவே இல்லையா? அப்படியானால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது, நோயாளி அதுதான். கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரலும் ஒரு காதும் போதும். பின்னாளில் நம் மெக்கானிக்குகள் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததும் இதே சோதனைதான்.

ஐரோப்பா வேறு பாதையில் போனது. ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்டு 1902-இல் உயர் அழுத்த மேக்னட்டோவை உருவாக்கினார். பேட்டரியே இல்லாமல், என்ஜின் சுழலும்போது காந்தத்தால் பொறி. முதல் உலகப் போர் 1914-இல் வெடித்தபோது, பிரிட்டன் தன் மேக்னட்டோக்களுக்குப் பெரும்பாலும் எதிரி நாடான ஜெர்மனியையே நம்பியிருந்தது. விமானமும் லாரியும் ஓட வேண்டுமே! அவசர அவசரமாகச் சொந்தமாகச் செய்யப் பழகினார்கள். ஒரு பொறிக்காக ஒரு நாடே தவித்த காலம் அது.

அடுத்து வருபவர் எனக்குப் பிடித்தவர். அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். காரணம், அவரும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்! ஒஹையோவில் பாடம் நடத்திவிட்டு, கண் கோளாறோடு போராடிப் படித்து, 1904-இல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். டெய்ட்டன் நகரில் நண்பர் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் வேலை செய்து அவர் உருவாக்கிய பேட்டரி பற்றவைப்பு முறை, 1910 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. ஒரே காயில், ஒரு ஜோடி பாயின்ட், ஒரு கண்டென்சர், பொறியை முறைவைத்துப் பங்கிட ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் ஓடின. நம்மூரில் 1950-களின் இறுதியில் வந்த அம்பாசிடரும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே வழி. 1961-இல் தொடங்கிய பாடி லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையும், 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவும் இந்தச் சாமான்களை உள்நாட்டிலேயே செய்து கொடுத்தன.

இந்த அமைப்பில் முறைக்காய்ச்சல் எங்கெல்லாம் ஒளிந்துகொள்ளும் என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் முடி அளவு விரிசல் இருந்தால், பனிக்காலக் காலையில் ஈரம் சேர்ந்து பொறி அந்த வழியே ஓடிவிடும். என்ஜின் சூடேறி ஈரம் காய்ந்ததும் நோய் போய்விடும். காயிலின் உள்காப்பு பலவீனமானால் கதை தலைகீழ். காலையில் நன்றாக ஓடும், உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் ஓடியபின் வெட்டும், ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடும். கண்டென்சரும் சூட்டில் இப்படிப் படுத்துவது உண்டு. ஆக ஈரத்தில் வரும் நோய் ஒன்று, சூட்டில் வரும் நோய் வேறு. "எப்போ வருது?" என்ற ஒரு கேள்வியே சந்தேகப் பட்டியலைப் பாதியாக்கிவிடும்.

1980-களில் எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தார். புளியமரத்தடிதான் பட்டறை. அவர் வேலை செய்வதைப் பார்க்க நான் மாலையில் போய் உட்காருவேன். ஒருநாள் ஒரு அம்பாசிடர் டாக்சி வந்தது. பிளக், பாயின்ட், கண்டென்சர், காயில் எல்லாம் வேறு இடத்தில் மாற்றியாயிற்று, மிஸ்ஸிங் போகவில்லை. டிரைவர் நொந்துபோயிருந்தார். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. "ஏத்தத்துல வருதா, சமதளத்துலயா? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா?" என்று கேட்டார். டிரைவர் யோசித்துச் சொன்னார்: "சமதளத்துல சீராப் போய்க்கிட்டிருக்கும்போதுதாண்ணே வருது. நல்லா மிதிச்சா சரியாயிடுது."

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையாத தட்டு அல்ல. என்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடம் ஒரு மெல்லிய குழாய் வழியே வந்து அந்தத் தட்டைச் சற்றே திருப்பும். சீரான ஓட்டத்தில் வெற்றிடம் அதிகம், தட்டு திரும்பியிருக்கும். அழுத்தி மிதித்தால் வெற்றிடம் குறைந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படியானால் தட்டு திரும்பியிருக்கும்போது மட்டும்தான் நோய் வருகிறது!

அவர் மூடியைக் கழற்றி, பாயின்ட் மூடியிருக்கும்படி என்ஜினைத் திருப்பி வைத்தார். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் இணைப்புக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சிறு பல்பை மாட்டி, சாவியைத் திருகினார். பாயின்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியக் கூடாது, எரியவும் இல்லை. பிறகு வெற்றிடக் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது. பல்பு மினுக்கென்று எரிந்தது. பாயின்டுக்குப் போகும் ஒரு விரல் நீள ஒயர்! மேலுறை புத்தம் புதிதாகத் தெரிந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்து கிடந்தன. தட்டு ஒரு பக்கம் நகரும்போது இழைகள் விலகும், மறுபக்கம் நகரும்போது தொட்டுக்கொள்ளும். மாற்றிய சாமான் எதிலும் கோளாறு இருந்ததில்லை. செலவு, அந்தக் காலக் காசில் ஒரு டீ பன்னுக்கு ஆகும் தொகை. இரண்டு பாடவேளை நடத்த வேண்டிய விஷயத்தை அவர் பத்து நிமிடத்தில் நடத்திக் காட்டினார்.

சரி, பாயின்டும் கண்டென்சரும் எங்கே போயின? இங்கே கதை மீண்டும் கெட்டரிங்கிடம் திரும்புகிறது. அவருடைய பேட்டரி முறை வந்தபின், என்ஜினில் வரும் டக் டக் தட்டலுக்கு அதுதான் காரணம் என்று சிலர் பழி சொன்னார்கள். அவருடைய ஆய்வுக்குழு தேடிப் பார்த்தபோது குற்றவாளி பெட்ரோல்தான் என்று தெரிந்தது. நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மருந்து? 1921 டிசம்பரில் அக்குழுவின் தாமஸ் மிட்லி, ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் தட்டல் நிற்பதைக் கண்டார். 1923-இல் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924-இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. அந்த ஈயம் பிளக்கில் படிந்து மிஸ்ஸிங்கும் கொடுத்தது, உலகத்துக் குழந்தைகளின் ரத்தத்திலும் கலந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்துக்குக் கார்ப் புகையும் வெயிலும்தான் காரணம் என்று 1950-களில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலர் நிறுவினார். அதன் தொடர்ச்சியாகச் சட்டங்கள் வந்தன. 1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. ஈயம் அதைக் கெடுத்துவிடும், ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் வேண்டும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இலும், நாடு முழுவதும் 2000 பிப்ரவரியிலும் நமக்கு அது வந்து சேர்ந்தது.

கன்வெர்ட்டருக்கு இன்னொரு எதிரி மிஸ்ஸிங். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் கன்வெர்ட்டருக்குள் எரியும். சூடு தாங்காமல் உள்ளேயிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப்போகும். அதுவரை வண்டிக்காரருக்கு மட்டும் தொல்லையாக இருந்த மிஸ்ஸிங் இப்போது ஊர்க் காற்றின் பிரச்சினை ஆயிற்று. எனவே வண்டியே தன் மிஸ்ஸிங்கைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கலிபோர்னியா வழிகாட்ட, 1996 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதுக் கார்களிலும் ஓ.பி.டி. 2 என்ற முறை கட்டாயமானது. இந்தியாவில் 2010-இல் முதல் கட்டமும், 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்தன.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அழகான இயற்பியல். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் தண்டு ஒரு நூலளவு வேகம் பெறும். ஒன்று எரியாவிட்டால் அந்த இடத்தில் நூலளவு தளரும். தண்டோடு சுழலும் பற்சக்கரத்தை ஒரு சென்சார் கவனித்து, எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்று குறித்துக்கொள்ளும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0304 என்றால் நான்காவது. பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. மாடல் டி காலத்தில் விரலும் காதும் செய்த வேலையை இப்போது பற்சக்கரமும் கணினியும் செய்கின்றன.

கணினி இன்னொன்றும் செய்கிறது. கோளாறு நடந்த நொடியில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகம், எவ்வளவு சுமை என்பதையும் உறையவைத்துப் பதிந்துகொள்கிறது. அதாவது புளியமரத்தடி மெக்கானிக் கேட்ட "எப்போ வருது?" என்ற கேள்விக்கு விடையை எழுதி வைத்துக்கொள்கிறது. ஆனால் அதை யாராவது படிக்க வேண்டுமே!

நம் மாணவர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறார். 2014-ஆம் ஆண்டு பெட்ரோல் வண்டி. இந்த மழைக்காலத்தில் அது உதற ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் நான்கு பிளக்கையும் பெட்ரோல் பம்பையும் மாற்றி, பதிவாகியிருந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழித்தும் அனுப்பிவிட்டார்கள். அடுத்து இன்ஜெக்டர் என்றார்களாம். "லாரியை முந்துறப்போ வெட்டுது சார். பின்னாடி குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காங்க. வந்த விலைக்குத் தள்ளிடலாமான்னு இருக்கேன்" என்று போனில் சொன்னார். கடன் இன்னும் முடியவில்லை, வண்டி போனால் பிழைப்பும் போகும்.

ஒரு வாரம் சவாரி எடுக்காமல், உள்ளூரில் மட்டும் மெதுவாக ஓட்டி, ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எந்த நேரம், மழையா வெயிலா, கிளம்பி எத்தனை நிமிடம், ஏற்றமா சமதளமா. எட்டாம் நாள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார். ஐந்து முறை வந்திருக்கிறது. ஐந்தும் இரவு மழை பெய்த மறுநாள் காலை, கிளம்பிய பத்து நிமிடத்துக்குள், மேம்பாலம் ஏறும்போது. எண் பி 0303. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி, முதலாவதை மூன்றாவதில் மாட்டினார். செலவில்லாத சோதனை. அடுத்த மழைக்குப் பிறகு வந்த எண் பி 0301. காயிலோடு சேர்ந்து நோயும் இடம் மாறிவிட்டது! கழற்றிப் பார்த்தால், பிளக்கின் மேல் உட்காரும் ரப்பர் உறையில் விரிசல். ஒரே ஒரு காயிலை மாற்றினார்கள். அதன்பின் மூன்று கனமழை பெய்துவிட்டது. வண்டி ஓடுகிறது, தவணையும் கட்டுகிறார்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சாமான் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஈரமா, சூடா, சுமையா, அதிர்வா என்பது அதில் தெரிந்துவிடும்.

2013-க்குப் பிந்தைய வண்டி என்றால் முதலில் எண்ணையும் உறைந்த பதிவையும் படிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற விடாதீர்கள், பதிவு அழிந்துபோகலாம். விளக்கு அணைந்துவிட்டாலும் எண் சில காலம் நினைவில் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால், நோய் போனாலும் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால் பணமும் போச்சு.

புது வண்டியில் ஓடும் என்ஜினின் பிளக் ஒயரையோ காயிலையோ பிடுங்கிப் பார்க்காதீர்கள். பல பத்தாயிரம் வோல்ட் கையைப் பதம் பார்க்கும், கணினியையும் கெடுக்கும்.

செக் என்ஜின் விளக்கு கண்சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

உங்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் துரத்திப் பிடித்த முறைக்காய்ச்சல்களை எழுதுங்கள், எல்லோரும் கற்றுக்கொள்வோம். அடுத்த வாரம் டீசல் என்ஜின். அதில் பொறியே கிடையாது. பிறகு எப்படி எரிகிறது? யோசித்து வையுங்கள், கேள்வி கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்